கியர் பம்பின் மச்சான்

என்னை எல்லாரும் கியர் பம்ப் என்று கூப்பிடுகிறார்கள். தொழிற்சாலைக்குள் கூப்பிட்டால் தொலையட்டும் என்று விடலாம். டீக்கடையில் கூப்பிடுகிறார்கள். முடி வெட்டுகிற கடையில், "கியர் பம்ப் அண்ணே, அடுத்தது நீங்கதான், உட்காருங்க" என்று நாற்காலியைத் துண்டால் தட்டுகிறார்கள். என் மனைவிக்குக் கியர் எது, பம்ப் எது என்று தெரியாது. கோபம் வந்தால் அவளும் அதையேதான் சொல்கிறாள். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒன்று எனக்கு இருக்கிறது. அது அடையாள அட்டையை விட்டு வெளியே வந்து பல வருஷமாகிறது.

இந்தப் பெயரை வைத்தவர் வெளியாள் இல்லை. என் அக்காவைக் கட்டிய மச்சான். வைத்ததையும் காதோடு காதாக வைக்கவில்லை. முதலாளி, பசைக்காரர், பாய்லர்காரர், மரம் ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கும்போது, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வைத்தார். அந்தக் கையை அன்றைக்கே தட்டிவிட்டிருக்க வேண்டும். சொந்தமாயிற்றே என்று பேசாமல் நின்றேன். அதன் பலனைத்தான் முடி வெட்டுகிற கடை வரைக்கும் அனுபவிக்கிறேன்.

மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். அதில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமாம். பசைக்காரர்தான் இப்போது சங்கத் தலைவர். "நம்ம எல்லாருக்காகவும் அவர் ஒரு பம்பையே பலி குடுத்தாரே, அத நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க கியர் பம்ப்" என்று கேட்டார். உருக்கம் எனக்கு வராது. படித்தது ஏழாவது வரை. அந்த ஏழாவதும் என்னை இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பியது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

மச்சானுக்கும் பட்டப்பெயர் உண்டு. சாய்வு. கதவு நிலை, தூண், அடுக்கி வைத்த பலகை, நிறுத்தி வைத்த லாரி, அடுத்தவன் தோள் என்று எது கிடைத்தாலும் அதில் சாய்ந்துவிடுவார். கல்யாணப் போட்டோவில்கூட அக்கா பக்கம் ஒரு சாய்வு தெரியும். அதை ஆசை என்று அக்கா நினைத்துவிட்டாள். ஒரு மாதம் குடித்தனம் நடத்திய பிறகுதான் அது ஆசை இல்லை, பழக்கம் என்று தெரிந்தது.

"உங்கள உங்கம்மா பெத்தாங்களா, இல்ல சுவத்துல ஒட்டி வச்சிருந்தாங்களா?" என்பாள்.

"ஒட்டித்தான் வச்சிருந்தாங்க. நீதான் பிச்சு எடுத்துட்டு வந்துட்ட" என்பார், அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டே.

அக்காவுக்குக் குரல் உயர்ந்தால் தெருமுனை வரை போகும். எனக்கும் அப்படித்தான், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அவளும் நானும் சண்டை போட்டால் எதிர்வீட்டில் ஜன்னலை மூடுவார்கள். மச்சான் வேறு ரகம். அவள் குரல் ஏற ஏற அவர் பேச்சு குறையும். ஒரு அளவுக்கு மேல் போனால் "ம்" மட்டும்தான். எழுந்தும் போக மாட்டார், எதிர்த்தும் பேச மாட்டார். அங்கேயே பிடித்துக்கொண்டு இருப்பார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம்?" என்று கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார். இப்படி ஒரு மனுஷனிடம் யார் எவ்வளவு நேரம் கத்த முடியும்? அக்காவே சிரித்துவிடுவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

எங்கள் தொழிற்சாலையில் பிளைவுட் செய்கிறோம். எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ராலிக் சாமான்களைப் பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான். மரம் தூக்குகிற மேஜை, ஃபோர்க்லிஃப்ட், வெடிக்கிற ஹோஸ், ஒழுகுகிற சிலிண்டர் எல்லாம் என் தலையில். மச்சானுடையது சூட்டுப் பிரஸ். பசை தடவிய மெல்லிய மரத்தாள்களை அடுக்கி, கொதிக்கிற இரும்புப் பலகைகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பிடிக்கிற யந்திரம் அது. மூடும்போது நல்ல வேகம் வேண்டும்; மெதுவாக மூடினால் நசுங்குவதற்கு முன்பே சூட்டில் பசை காய்ந்துவிடும். மூடிவிட்ட பிறகு வேகமே வேண்டாம், பசை இறுகும் வரை பிடி தளராமல் இருந்தால் போதும். ஒரே யந்திரத்துக்கு ஒரு நேரம் ஓட்டம் வேண்டும், ஒரு நேரம் வெறும் அழுத்தம் வேண்டும். இரண்டையும் கொடுக்கிற ஒரு பிஸ்டன் பம்ப் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மச்சான் அதற்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்தார்.

அவர் எதிலும் சாயாமல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று உண்டு. பிஸ்டன் பம்பைக் கழற்றி மாட்டினால், ஓட்டுவதற்கு முன்னால் அதன் கூட்டுக்குள் மேல் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றாமல் சுற்றவிட்டால் உள்ளே இருக்கிற பாகமெல்லாம் வறட்டு வறட்டென்று உரசித் தீய்ந்துவிடும். பம்ப் எண்ணெயைத் தள்ளுகிற யந்திரம்தானே, அது தானாகவே நனைந்துகொள்ளாதா என்று புதிதாக வருகிறவன் எல்லாம் நினைப்பான். மச்சான் குனிந்து, கேனை இரண்டு கையாலும் பிடித்து, குமிழி அடங்கும் வரை ஊற்றுவார். யார் பம்பைத் தொட்டாலும் முதலில், "வயித்துக்கு ஊத்தியாச்சா?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அது அவருக்கு நலம் விசாரிக்கிற வார்த்தையாகவே ஆகிவிட்டது. பசியோடு வருகிறவனைப் பார்த்தாலும் அதுதான். என் வீட்டுக்கு வந்தால் என் மனைவியிடம், "என்னம்மா, இவன் வயித்துக்கு ஊத்தியாச்சா?" என்பார். நான் என்ன குடிகாரனா என்று கேட்கத் தோன்றும்.

ஒரு வருஷம் பலகை விற்பனை மந்தமானது. விற்பனை மந்தமானால் முதலாளிக்குக் கண் கூர்மையாகும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குள் சுற்ற ஆரம்பித்தார். போகும்போது பார்த்தார், மச்சான் சாய்ந்திருந்தார். திரும்பும்போது பார்த்தார், மறுபடி சாய்ந்திருந்தார். மறந்த குடையை எடுக்க வந்தவர் கண்ணிலும் அதே காட்சி. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹைட்ராலிக்குக்கு ரெண்டு பேர் எதுக்குப்பா? ஓடறவன் இருக்கட்டும், சாயறவன் போகட்டும்."

அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"டேய், உன் மச்சானுக்கு வேலை போகப்போகுதாமே? நீ பாத்துகிட்டு சும்மா இருக்கியா?"

"நான் என்னக்கா பண்றது? அவர் சாயவே இல்லன்னு சத்தியம் பண்ணச் சொல்றியா?"

"சாயறதும் வேலைதான்னு சொல்லு."

"அத எந்த வாயால சொல்றது?"

"இந்த வயசுல அவர வேற எவன்டா சேத்துப்பான்? முழு நாளும் வீட்ல உட்கார்ந்தா என் சுவரு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் சம்பாதிக்கிற கை ஒன்றுதான். அது சாய்கிற கை.

மறுநாள் முதலாளி நேராகப் பிரஸ்ஸுக்கு வந்தார். சமாசாரம் பரவியிருந்ததால் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

"ஏம்ப்பா, நான் வர்றப்பல்லாம் நீ சாஞ்சுகிட்டேதான் இருக்கியே, அது எப்படி?"

"நீங்க வர்ற நேரமெல்லாம் பிரஸ் மூடியிருக்கு முதலாளி."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

மச்சான் ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, அதன் நுனியைப் பம்பின் மேல் ஊன்றி, பிடியை முதலாளி காதில் வைத்தார். "கேளுங்க."

"ஒண்ணும் பெருசா கேக்கலையே."

"அழுத்த முள்ளப் பாருங்க."

முள் அசையாமல் நின்றது.

"இப்ப பிரஸ்ஸத் தொறந்து மூடப்போறாங்க. விடாமக் கேளுங்க."

பலகைகள் இறங்கி, புது அடுக்கு ஏறி, பிரஸ் மூடத் தொடங்கியது. பம்ப் உறுமியது. முதலாளி காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பலகைகள் ஒன்றை ஒன்று நெருக்கியதும் முள் சரசரவென்று ஏறி நின்றது. அதே நேரத்தில் உறுமலும் அடங்கியது.

"நின்னுடுச்சா?" என்றார்.

"நிக்கல. மோட்டார் சுத்திகிட்டேதான் இருக்கு. உள்ள ஒம்பது பிஸ்டன் ஒரு உருளையில வட்டமா நின்னு சுத்துது. அதுங்க கால் எல்லாம் ஒரு தட்டு மேல நடக்குது. தட்டு சாஞ்சிருந்தா ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்துல எறங்கறப்ப பிஸ்டன் எண்ணெய இழுக்கும், மேட்டுல ஏறறப்ப தள்ளும். தட்டு எவ்வளவு சாயுதோ அவ்வளவு எண்ணெய்."

"நிமிந்துட்டா?"

"மேடும் இல்ல, பள்ளமும் இல்ல. சுத்துவாங்க, தள்ள மாட்டாங்க."

"யாரு நிமித்தறது? நீயா?"

"பம்புத் தலையில இருக்கற இந்தச் சின்ன வால்வு. இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங். அழுத்தம் ஸ்பிரிங்குக்கு அடங்கி இருக்கற வரைக்கும் வால்வு பேசாம இருக்கும், தட்டு முழுசா சாஞ்சு எண்ணெய வாரி விடும். அழுத்தம் ஏறி ஸ்பிரிங்க ஜெயிச்சா வால்வு நகரும், கொஞ்சம் எண்ணெயத் திருப்பி உள்ள விடும், அது தட்டப் புடிச்சு நிமித்திடும். அப்புறம் எங்கயாவது கசிஞ்சு போனா, போன அளவுக்கு மட்டும் ஒரு நூல் சாஞ்சு ஈடு பண்ணும். அழுத்தம் எறங்கினா மறுபடி சாயும். இந்தத் திருகத் திருகினா ஸ்பிரிங் இறுகும், நிமிர்ற அளவு மாறும். அவ்வளவுதான். வேகம் வேணும்னு இதப் போயி முறுக்கக் கூடாது. வேகம் சாய்வுல இருக்கு, இதுல இல்ல."

முதலாளி வால்வையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, சாஞ்சாத்தான் வேலை நடக்குதுங்கற."

"ஆமா முதலாளி."

"நீயும் சாஞ்சுதான் இருக்க."

"அதத்தான் முதலாளி நானும் சொல்றேன்."

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். சுத்தப் பித்தலாட்டம். பிரஸ் மூடியிருக்கும்போது உள்ளே தட்டு நிமிர்ந்துவிடும், வெளியே மச்சான் சாய்ந்துவிடுவார்; இரண்டும் நேர் எதிர். எனக்கு அது உடனே பட்டது. ஆனால் அக்காவின் மூக்கு ஞாபகம் வந்ததால் வாயைத் திறக்கவில்லை.

திறக்காத வாய்க்குத்தான் பரிசு கிடைத்தது. "அப்ப உன் மச்சினன்? எப்ப பாத்தாலும் ஓடிகிட்டே இருக்கானே, அவன் எந்த ரகம்?" என்று முதலாளி கேட்டார். மச்சான் என் தோளில் கை போட்டார். சாய வசதியாக இருந்தது அவருக்கு.

"இவன் கியர் பம்ப் முதலாளி. ரெண்டு பல்சக்கரம், வேற ஒண்ணும் கிடையாது. ஒரு சுத்துக்கு இவ்வளவு எண்ணெய்னா இவ்வளவுதான். வேணும்னாலும் தள்ளும், வேண்டாம்னாலும் தள்ளும். போக வழி இல்லன்னா ரிலீஃப் வால்வ முட்டித் தொறந்து திரும்பத் தொட்டிக்கே ஊத்தும். அந்தத் தள்ளின தள்ளெல்லாம் சூடாப் போகும், சத்தமாப் போகும். நல்ல பம்புதான். கோவம் மட்டும் ஜாஸ்தி."

"யாருக்குக் கோவம்?" என்று நான் கத்தினேன்.

"பாருங்க, வால்வு தொறந்துடுச்சு" என்றார் மச்சான்.

மச்சானின் வேலை தப்பியது. என் பெயர் போயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. முதலாளி அதுவரை மர வியாபாரத்தைத் தவிர எதையும் யோசித்ததில்லை. அவருக்கு இப்படி ஒரு யோசனை கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குஞ்சு பொரிக்காமல் விடமாட்டார். அடுத்த வாரம் எல்லாரையும் கூட்டி, பலகை அடுக்கு ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு பேசினார்.

"இவ்வளவு நாளா நம்ம தொழிற்சாலை கியர் பம்ப் மாதிரி ஓடியிருக்கு. வேலை இருந்தாலும் அத்தன பேர், இல்லாட்டியும் அத்தன பேர். எவ்வளவு சூடு, எவ்வளவு சத்தம்! இனிமே நாமும் பிஸ்டன் பம்ப். தேவைப்பட்டா போன் வரும், வாங்க. தேவை இல்லையா, வீட்ல நிமிந்து இருங்க. வந்த நேரத்துக்குக் கூலி. போன் பண்ணி யார் சீக்கிரம் வரலையோ, அடுத்த தடவ அவருக்குப் பதிலா வேற ஆளு."

மச்சான் ஒருவர்தான் பேசினார்.

"முதலாளி, தட்டு நிமிந்தாலும் பம்ப் வீட்டுக்குப் போறதில்ல. புடிச்சுகிட்டு அங்கயேதான் நிக்குது. அப்பவும் கொஞ்சம் எண்ணெய் உள்ளுக்குள்ள கசிஞ்சு, பேரிங்கையும் பிஸ்டன் காலையும் நனைச்சு, தனிக் குழாயில தொட்டிக்குத் திரும்புது. அந்தக் கசிவ அடைச்சா பம்ப் செத்துரும்."

"கசிவுன்னாலே நஷ்டம்தானப்பா" என்று சொல்லிவிட்டு முதலாளி அடுக்கிலிருந்து இறங்கினார்.

அன்றிலிருந்து மச்சானோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பசைக்காரருக்கு வாரத்தில் பாதி நாள் போன் வரவில்லை. "உன் வேலையக் காப்பாத்திக்க நீ சொன்ன கதை, எங்க வயித்துல மண்ணு" என்று தெருவில் வைத்தே மச்சானைக் கேட்டார். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எனக்கு மட்டும் தினம் போன் வந்தது. நான் பார்க்கிற சாமானில் தினம் ஒன்று வெடிக்கும். மச்சான் பார்த்த பிரஸ் ஒன்றும் செய்யவில்லை. ஒழுங்காக வைத்திருந்த பாவத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் வீட்டில் போனுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தார்.

"அடிக்குதா பாருங்க" என்பாள் அக்கா.

"அடிச்சா கேக்கும்."

"கேட்டா ஓடுவீங்களா?"

"ஓடறேன்."

"நீங்களா? அத பாக்கறதுக்கே நான் டிக்கெட் வாங்கணும்."

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள். இப்போது அக்கா சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். போன் அடிக்காத வீட்டில் அதற்கு மேல் என்ன பேசுவது?

ஒரு நாள் காலை, பிரஸ் பம்பின் தண்டுப் பக்கத்திலிருந்து எண்ணெய் சொட்டியது. எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் தேய்ந்திருந்தது. பசை தடவிய அடுக்குகள் பிரஸ்ஸுக்கு முன்னால் காத்திருந்தன. காத்திருந்தால் அத்தனையும் குப்பை. முதலாளி என்னை மச்சானுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

மச்சான் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பழக்கமில்லாத ஓட்டம். ஒரு செருப்பு வழியில் விழுந்திருந்தது. அதை எடுக்கத் திரும்பினால் நேரமாகும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்தவர் சாயவில்லை. மூச்சு வாங்கவும் நிற்கவில்லை. நேராகப் பம்பின் மேல் விழுந்தார்.

"எவ்வளவு நேரமாகும்?" என்றார் முதலாளி.

"இதோ முதலாளி."

இந்த "இதோ" மச்சான் வாயில் அதுவரை நான் கேட்காத சொல். பம்பைக் கழற்றிக் கவிழ்த்தோம், உள்ளே இருந்த எண்ணெய் போயிற்று. சீலை மாற்றினோம், மாட்டினோம். முதலாளி எங்கள் தலைக்கு மேல் நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தொட்டிக்குள் வடிகட்டியைச் சுத்தம் பண்ணச் சொல்லி மச்சான் என்னை அனுப்பினார். நான் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கேட்கிற அந்த வார்த்தை இன்னும் வரவில்லையே என்று எனக்குத் தோன்றுவதற்குள் மோட்டார் கிளம்பியது.

தகரத்தை ஆணியால் கிழிப்பது மாதிரி ஒரு அலறல். தொட்டி மூடியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மச்சான் சிவப்புப் பொத்தானை அமுக்கி, அமுக்கிய கையை எடுக்காமல் நின்றார். அவர் காலடியில் எண்ணெய்க் கேன். அதன் மூடியில் ஒட்டியிருந்த காகித முத்திரைகூடக் கிழியவில்லை. அவர் கேனைப் பார்த்தார். நானும் கேனைப் பார்த்தேன்.

திறந்து பார்த்தோம். தட்டின் மேல் நடக்கிற வெண்கலக் காலெல்லாம் தேய்ந்து பொடியாகி, தட்டு முழுக்கக் கீறல். இனி அது பழைய இரும்புக்குத்தான்.

"என்னாச்சு?" என்றார் முதலாளி. மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் முதலாளியே, "பழைய சாமான். ஆயுசு முடிஞ்சுடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்போதைக்கு வேற எதையாவது மாட்டு."

வேறு எதை மாட்டுவது? உடைத்துப்போட்ட ஃபோர்க்லிஃப்டிலிருந்து ஒரு பெரிய கியர் பம்ப் என்னிடம் இருந்தது. அதை ஒரு ரிலீஃப் வால்வோடு பிரஸ்ஸுக்கு மாட்டினேன். பிரஸ் மூடியது. மூடிய பிறகும் அது தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளியதெல்லாம் வால்வை முட்டிக்கொண்டு கீச்சென்று தொட்டிக்குத் திரும்பியது. மத்தியானத்துக்குள் தொட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. சூடேறிய எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டால் அழுத்தம் நிற்காது. அதனால் தொட்டிக்கு விசிறி வைக்க ஒருவர், ஈரச் சாக்குப் போட ஒருவர், தண்ணீர் எடுத்து வர இரண்டு பேர், முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் என்று ஆள் தேவைப்பட்டது. பிரஸ் பிடித்திருக்கிற நேரத்தில் பம்பைச் சும்மா சுற்றவிட ஒரு வால்வு இருக்கிறது, அதைப் போட்டால் இவ்வளவு சூடு வராது என்று முதலாளியிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். ஆள் போதாமல் பசைக்காரரைக் கூப்பிட்டார்கள். பாய்லர்காரரைக் கூப்பிட்டார்கள். தினம் கூப்பிட்டதால் போன் பண்ணுகிற வழக்கம் தானாகவே ஒழிந்தது. எல்லாரும் முன்பு மாதிரி காலையில் வந்து சாயங்காலம் போனார்கள். மச்சானும்தான்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். சத்தம், ஆவி, ஓட்டம், எல்லார் கையிலும் வாளி. "இப்பத்தான் ஒரு தொழிற்சாலை மாதிரி இருக்கு" என்றார். பின்னால் ஒரு புது பிஸ்டன் பம்ப் வாங்கி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று மறுபடி பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். அது இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இதற்குள் பசைக்காரர் ஈரச் சாக்குப் போட்டுக்கொண்டே ஒரு கண்டுபிடிப்புப் பண்ணிவிட்டார். முத்திரை கிழியாத கேனை அன்றைக்குப் பாய்லர்காரரும் பார்த்திருக்கிறார்; பம்ப் ஏன் போயிற்று என்று அவர் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். "இத்தன வருஷமா நமக்கெல்லாம் 'வயித்துக்கு ஊத்தியாச்சா, வயித்துக்கு ஊத்தியாச்சா'ன்னு சொன்ன மனுஷன் தானே மறப்பாரா? யோசிச்சுப் பாருங்க. வேணும்னே ஊத்தல. தன் பம்பையே கொன்னு நம்ம வேலையத் திருப்பிக் குடுத்திருக்கார்!"

இதைவிட உறுதியான சாட்சி யாருக்கு வேண்டும்? கேட்டவன் எல்லாம் கண் கலங்கினான். முகம் திருப்பிக்கொண்டு போனவர்கள் மச்சானுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் பலகையிலேயே முதுகு நன்றாகச் சரிந்த ஒரு நாற்காலி செய்து, தூணுக்குப் பக்கத்தில் போட்டு, "இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் சாஞ்சுக்கலாம்" என்றார்கள். நடுவில் நான் ஒருவன், தலை வீங்கி, சட்டையெல்லாம் எண்ணெயாக, கொதிக்கிற பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "கியர் பம்ப், கொஞ்சம் சத்தத்தக் கொற, அவர் உட்கார்ந்திருக்கார்" என்று என்னை அதட்டினார்கள்.

மச்சான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சாயவில்லை. முதுகு பின்பலகையில் படாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். யாராவது அவரைப் புகழ்ந்தால் பேச்சு குறையும்; மேலே மேலே புகழ்ந்தால், "ம்" மட்டும். அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் கேன் கண்ணுக்குள் நின்றது. அவர் "வயித்துக்கு ஊத்தியாச்சா" என்று அப்புறம் யாரையும் கேட்டதில்லை.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து அவருக்கு இதயம் பலவீனமானது. கடைசி நாட்களில் அவரைப் பார்க்கப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு டீ போட அவள் உள்ளே போனாள்.

"மாப்ள, அந்தக் கேன்" என்றார்.

"விடுங்க மச்சான். யாரு கேட்டா?"

"நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லல, இல்ல?"

"கேட்டாத்தான சொல்றதுக்கு? அவங்கதான் உங்களத் தூக்கி வச்சு ஆடறாங்களே."

"நேத்து பசைக்காரன் வந்தான். பம்பக் கொன்னு எங்கள வாழ வச்சீங்கன்னு கையப் புடிச்சுகிட்டு அழறான்."

"நல்ல பேர்தான? எனக்கு வச்ச பேர விட நல்ல பேரு."

சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"தெரிஞ்சே ஒரு பம்ப வறட்டு வயித்தோட ஓட்டறவனா மாப்ள நானு? ஓடி வந்தேன். தலைக்கு மேல அந்த ஆளு ஆச்சா ஆச்சாங்கறாரு. கேன் பக்கத்துலயே இருக்கு, எனக்குக் கண்ணு தெரியல. மறந்தேன். அவ்வளவுதான். மறந்தவன்னு சொன்னா அவமானம், பொறுத்துக்குவேன். வேணும்னே கொன்னவன்னு சொல்றத என்னால பொறுக்க முடியல."

"ஆனா அதனால எல்லாருக்கும் நல்லது நடந்துச்சே."

"நல்லது பண்ணினது உன் கியர் பம்ப். நான் இல்ல."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எனக்குக் கோபம் வராதது அப்போதுதான். தலையணையைச் சரிபண்ணினேன். வேண்டாம், இருக்கட்டும் என்று கையால் தடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனப்புறம் எவனாவது என்னப் பத்தி ஆரம்பிப்பான். அப்ப நீ சொல்லணும், அவன் ஊத்த மறந்துட்டான்னு. மெதுவா சொன்னா எவனும் கேக்க மாட்டான் மாப்ள. சத்தமாச் சொல்லு."